அக்காவின் தோலில் ஒரு துண்டு

அத்தானின் கைப்பேசியில் அரை நிமிடம்கூட ஓடாத ஒரு காணொளி இருந்தது. சாம்பல் நிறப் பரப்பின் நடுவே பயறு அளவில் தெரியும் ஒரு திட்டு சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். அவ்வளவுதான். சத்தம் கிடையாது. பாலையூற்றில் உள்ள வீட்டின் முன் அறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே உள்ள சின்னத் தட்டில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அத்தான் அதை ஓட விடுவார். முடிந்ததும் இன்னொரு தரம். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இது அவ. அவவின்ர இருதயம். வெளிநாட்டில அடிச்சுக்கொண்டிருக்கு," என்பார். வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இறந்துபோன மனைவியின் இருதயம் எங்கோ அடிக்கிறது என்று ஒரு மனிதர் அமைதியாகச் சொல்லும்போது அவர்களும்தான் வேறு என்ன செய்வார்கள்.

அந்தக் காணொளியை அனுப்பியவள் நான். அதில் துடித்தது அக்காவின் இருதயம் அல்ல. என் தோலிலிருந்து நானே ஆய்வுகூடத்தில் வளர்த்த இருதயத் தசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி வாசிப்பவரைத் திடுக்கிட வைக்கும் உரிமை எனக்கு இல்லை. பல வருடம் மறைத்து ஒரு குடும்பத்தைத் திடுக்கிட வைத்ததே போதும்.

அத்தான் என் அக்காவின் கணவர். மீன்பிடித் துறைமுகத்தடியில் ஐஸ் உடைத்து, மீனைப் பெட்டிகளில் அடுக்கி, கொழும்புக்குப் போகும் லொறிகளில் ஏற்றுவது அவர் தொழில். அறக்குளாவோ பாரையோ சூரையோ, அத்தான் கட்டிய பெட்டியைக் கொழும்பில் திறக்கும்போது மீனின் கண் இன்னும் பளபளவென்றிருக்க வேண்டும். அதில் அவருக்குப் பிடிவாதம். தூரப் பயணத்துக்கான பெட்டி என்றால், நொறுக்கிய ஐஸை ஒரு படை போட்டு, அதன்மேல் கல்லுப்பை ஒரு கை தூவி, மறுபடி ஐஸ் போடுவார். உப்புப் பட்ட ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிரும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கை விறைத்துப்போய்க் கண்டுபிடித்தது. முதலில் சிரித்த மற்றக் கடைக்காரர்களும் பிறகு அப்படியே செய்யத் தொடங்கினார்களாம். இந்தக் கதையை அவர் வாயால் நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு இருதயத் தசை தொய்ந்துபோகிற வியாதி. எங்கள் அம்மாவுக்கும் அதுதான் இருந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கி அம்மா போனார். அப்போது அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அக்காவுக்கு அதே வீக்கம் தொடங்கியபோது நான் ஐரோப்பாவின் வடக்கு மூலையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தேன். மருத்துவர்கள் குளிசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அக்கா அவற்றைத் திகதிவாரியாகப் பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கள் கோயில் பங்கில் உள்ள ஒருவருடைய பெயரை வைத்திருந்தாள். குடித்ததும் வயிற்றைப் பிரட்டும் குளிசைக்குப் பங்குச் சபைத் தலைவரின் பெயர். படுக்கையில் கிடந்தும் அவளுக்கு வாய் சும்மா இராது.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் விட்ட பிழையின் அளவு விளங்காது. செல் என்று பலரும் சொல்கிற கலம், ஒருமுறை தோலாக முடிவெடுத்துவிட்டால் சாகும்வரை தோல்தான் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதைப் பின்னோக்கி நடத்தி, எதுவாகவும் ஆகக்கூடிய மூலக்கலமாக மாற்றலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படித் திரும்பிய கலத்திலிருந்து இருதயத் தசையை வளர்க்கலாம், நரம்பை வளர்க்கலாம். கேட்க இலகுவாக இருக்கும். கிட்ட இருந்து பார்த்தால், புறப்படுகிற கலங்களில் மிகச் சிலதான் போய்ச் சேரும். மற்றவை பாதி வழியில் நின்றுவிடும், அல்லது திரும்பும் வழியின் வதை தாங்காமல் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். எது பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பதிலின் ஒரு பகுதி நீளமான சில ஆர்.என்.ஏ. இழைகளில் இருந்தது. ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.யிலுள்ள செய்முறையைப் பிரதி எடுத்துக்கொண்டுபோய்ப் புரதம் செய்யக் கொடுப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். இந்த நீள இழைகள் எந்தப் புரதத்துக்கும் செய்முறை சொல்வதில்லை. இவை எழுதப்படும் பகுதிகளை ஒரு காலத்தில் குப்பை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் பின்னோக்கிப் போகும் கலத்தில் இவற்றில் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. அதை வேண்டுமென்றே குறைத்துவிட்டுப் பார்த்தால், கலங்கள் வழியிலேயே கூடுதலாகச் சாகின்றன. என் நாட்களில் பாதி, அப்படிச் செத்தவற்றை எண்ணுவதில்தான் கழிந்தது.

விடுமுறையில் வந்திருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இதையெல்லாம் அக்காவுக்கும் அத்தானுக்கும் விளக்கினேன். அக்கா தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துக் கதிரையில் இருந்தாள். "ஒரு வேலையும் செய்யாது, ஆனா அது இல்லாட்டி மற்றவை சாகும். அப்பிடித்தானே?" என்று கேட்டாள். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். "எங்கட பங்குச் சபையிலயும் நாலு பேர் சும்மா இருக்கினம். அவை இல்லாட்டி ஒருத்தரும் சாகமாட்டினம்," என்றாள். அத்தான் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரைவலை இழுக்கேக்க ஒராள் கயிறு தொடாமல் கரையில நிண்டு சத்தம் போடுவான். அவன் இல்லாட்டி வலை ஒரு பக்கமாப் போயிடும். அந்த ஆள்," என்றார். என் பேராசிரியர் கரும்பலகை முழுக்க எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த ஒப்புமையைப் பிறகு நான் எத்தனையோ அரங்குகளில் என் சொந்தச் சரக்காக விற்றிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அக்காவிடம் கேட்டேன். கையின் உட்பக்கத்திலிருந்து மிளகளவு தோல் வேண்டும். அதிலிருந்து மூலக்கலம், மூலக்கலத்திலிருந்து அவளுடைய இருதயத் தசை. அவளுடைய நோயை ஒரு கிண்ணத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்னுடைய தோலை ஏற்கெனவே கொடுத்து வளர்த்திருந்தேன். இதனால் உனக்கு ஒரு பயனும் இராது அக்கா, வருடக்கணக்கில் செல்லும் என்று சொன்னேன். அதை அவள் விளங்கிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம். பிள்ளைக்கு வந்தா உதவும் தானே. எடு," என்றாள். பிள்ளை என்றது அவர்களுடைய ஒரே மகளை. அத்தானுக்கு அது விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை. புது இருதயம் ஒன்று வளர்ந்து வரப்போகிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார். நானும் அதைத் திருத்தவில்லை. நம்பிக்கையோடு ஒரு மனிதர் எழுந்து நடப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அனுமதிக் கடிதங்கள், ஒப்பம், சுங்கத்துக்கான தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. நகரத்தில் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு மருத்துவர் தன் சிகிச்சை அறையில் தோலை எடுத்தார். இரத்தம் உறையாமலிருக்க அக்கா குடித்துக்கொண்டிருந்த குளிசையால் அந்த மிளகளவுக் காயம் நிற்காமல் ஒழுகியது. மருத்துவர் நெடுநேரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொருக்கா ஏலாது. இதோட சரி," என்று கண்டிப்பாகச் சொன்னார். இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த சின்னக் குழாய்க்குள் அந்தத் துண்டு மிதந்தது. அடுத்த நாள் விடியப் புறப்பட்டு விமான நிலையம். அதுவரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம் என்று, "குளிரா வச்சிருக்கோணும் அத்தான், அது மட்டும் தான்," என்று சொல்லிவிட்டுப் பயணப் பையை அடுக்கப் போனேன். உறையக் கூடாது என்று சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நான் சொன்னது வாழ்நாள் முழுக்க ஐஸோடு வேலை செய்த ஒருவரிடம்.

அது மின்வெட்டுக் காலம். எந்த நேரம் மின்சாரம் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அத்தானால் அந்தக் குளிர்சாதனப் பெட்டியை நம்ப முடியவில்லை. நான் படுத்த பிறகு, துறைமுகத்தடிக்குப் போய் ஐஸ் கொண்டுவந்து, குளிர் வெளியே போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் படை படையாகப் போட்டு, நடுவே குழாயைப் பத்திரமாகப் புதைத்து, மூடி, நைலோன் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். விடிய எழும்பி வந்து பார்த்தபோது வாசலில் பெட்டி தயாராக இருந்தது. "கொழும்பு இல்ல, லண்டன் வரைக்கும் போனாலும் அசையாது," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேரம் போய்விட்டது, வாகனக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். ஐஸ்தானே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஹபரணைக் காடு தாண்டும்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. கயிற்றை அவிழ்த்து ஐஸுக்குள் கையை விட்டேன். விரல் நுனி எரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஐஸோடு உப்புக் கல். குழாயைத் தூக்கி ஆட்டினேன்; உள்ளே எதுவும் ஆடவில்லை. திரவமும் தோலும் ஒரே கட்டியாக இறுகியிருந்தன. கலங்களை உறைய வைத்தும் காப்பாற்றலாம், அதற்கென்று மருந்து சேர்த்து, மெல்ல மெல்லக் குளிரவைக்க வேண்டும். இப்படி உறைந்தால் உள்ளே பனி ஊசிகள் வளர்ந்து கலத்தைக் கிழித்துவிடும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே குழாயை என் கக்கத்தில் வைத்துக்கொண்டு தம்புள்ளை வரை அழுதேன். வாகனக்காரர் அக்காவைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து, தேத்தண்ணி குடிக்க நிறுத்தட்டுமா என்று கேட்டார்.

திரும்பிப் போய்விட முடியாது. இன்னொரு தடவை தோல் எடுக்க முடியாது. ஒரு சில கலமாவது தப்பியிருக்கும் என்ற நப்பாசையோடு கொண்டுபோனேன். இழையத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கிண்ணங்களில் ஒட்டி, தினமும் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். உயிருள்ள தோல் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ஓரங்களிலிருந்து நீட்டு நீட்டாகக் கலங்கள் ஊர்ந்து வரும். ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரத்தில் அக்கா இறந்துவிட்டாள். விடுப்பு எடுத்து அடக்கத்துக்கு வந்து சேர எனக்கு வழியில்லை. அன்றைக்கு அத்தான் தொலைபேசியில் அழவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார். "அங்க அவ வளருறாவோ?" பின்னால் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. "ஓம் அத்தான்," என்றேன். அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லக்கூடிய ஆட்கள் உலகத்தில் இருக்கலாம். நான் அந்த வகை இல்லை.

அதற்கடுத்த கிழமை நான் செய்ததுதான் இன்னும் மோசம். மிஞ்சியிருந்த இழையத்தில் ஒரு துணுக்கை எடுத்து, அதில் ஆர்.என்.ஏ. உருப்படியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது. எனக்கு வேண்டியது உயிருள்ள கலம், அல்லது ஆர்.என்.ஏ.; இரண்டும் இல்லை என்றதும் மீதியை மஞ்சள் கழிவுப் பைக்குள் போட்டுவிட்டேன். டி.என்.ஏ. உறைந்தாலும், கலம் செத்தாலும், அது கெடாமல் வருடக்கணக்கில் இருக்கும். அக்காவின் பரம்பரை எழுத்து முழுவதும் அந்தத் துணுக்குகளில் இருந்தது. குப்பை என்று ஒதுக்கப்பட்டது குப்பையில்லை என்று மேடை மேடையாகப் பேசுகிறவள், தனக்கு அப்போது தேவைப்படாததைக் குப்பையில் போட்டாள். அத்தான் விட்டது அறியாப் பிழை. என்னுடையதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

பிறகு பொய் தன் பாட்டில் வளர்ந்தது. ஞாயிறு தோறும் அழைப்பு வரும். "அக்கா எப்பிடி இருக்கிறா?" என்பார். நல்லா இருக்கிறா, என்பேன். "சாப்பாடு குடுக்கிறனீயோ?" ஓம், ஒருநாள் விட்டு ஒருநாள் திரவம் மாத்திறன். என் கலங்களைப் பற்றித்தான் சொன்னேன். ஒவ்வொரு வசனமும் உண்மை, அக்கா என்ற சொல்லைத் தவிர. ஒரு நாள் படம் கேட்டார். என் கலங்களிலிருந்து வளர்த்த இருதயத் தசை அந்தக் கிழமைதான் துடிக்கத் தொடங்கியிருந்தது. அதைக் காணொளியாக எடுத்து அனுப்பினேன். பதிலாகக் குரல் பதிவு வந்தது. அதில் பேச்சே இல்லை, அத்தான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் இருந்தது.

எல்லாம் அப்படியே ஓடிப்போயிருக்கும். மகளுக்குக் கலியாணமாகி, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலையாகி, ஒரு கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு படி ஏறும்போது மூச்சு முட்டத் தொடங்கியது. இருதயம் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்றார்கள். காய்ச்சலால் வந்ததென்றால் தானாகவே வற்றிவிடலாம். அம்மாவின் வியாதி என்றால் வற்றாது, பிள்ளை பெறுவதும் ஆபத்து. எது என்று பார்க்க அவளுடைய இரத்தத்தில் பரம்பரையலகுகளைச் சோதித்தார்கள். வழக்கமாகப் பழுதாகிற இடங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. புரதம் எதற்கும் செய்முறை இல்லாத பகுதியில், இருதயத்தில் வேலை செய்யும் ஒரு நீள ஆர்.என்.ஏ.யின் நடுவில். அதன் பொருள் தெரியாது, தாயின் எழுத்தோடு ஒப்பிட்டால் ஏதாவது சொல்லலாம் என்று அறிக்கை முடிந்தது. மகள் எனக்கு அழைத்தாள். குரலில் பயமே இல்லை. "சித்தி, மற்ற ஆக்களெண்டா இப்ப அம்மாவுக்கு எங்க போவினம். எங்கட அம்மா தான் உங்களிட்ட இருக்கிறாவே," என்றாள்.

அவளிடம் அப்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முடியும் வரை கேட்டாள். பிறகு, "அப்பாவுக்கு நீங்கள் தான் சொல்லோணும். போனில இல்ல. நேர வந்து," என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

என் இரத்தத்தில் அந்த எழுத்து மாறவில்லை. அம்மாவிடமிருந்து அக்காவுக்கு மட்டும் வந்திருக்கலாம், அதனால் ஒன்றும் தெளியவில்லை. மிஞ்சியது ஒரு வழி. அத்தானிடம் அதே மாற்றம் இருந்தால், அது மகளுக்கு அவரிடமிருந்து வந்தது. ஐஸ் மூட்டை தூக்குகிற அந்த மனிதரின் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, ஆகவே மாற்றம் பெரும்பாலும் தீங்கற்றது, பெருத்தது காய்ச்சலால் என்று ஆறுதல் கொள்ளலாம். அவரிடம் இல்லாவிட்டால் அக்கா பக்கம்தான் கை நீளும். அவருடைய இரத்தத்தில் ஓர் எழுத்து பிழையாக இருக்க வேண்டும் என்று விமானத்தில் வழி நெடுகச் செபித்தேன். இன்னொருவருக்குப் பிழை இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

மத்தியானம் முன் அறையில் வைத்துக் கேட்டேன். அத்தான் குழம்பிப்போனார். "என்ர இரத்தம் ஏன்? அவ அங்க இருக்கிறா தானே. அவவைப் பாருங்கோவன்."

"அக்கா அங்க இல்லை, அத்தான்."

"எப்ப போனவ?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் தயாராக வரவில்லை. தொடக்கத்திலிருந்தே இல்லை என்றேன். ஒரு கலமும் வளரவில்லை, காணொளியில் இருப்பது நான், மிச்சத்தை எறிந்தவளும் நான். அதை வைத்திருந்தால் இன்றைக்கு மகளுக்கு விடை தெரிந்திருக்கும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன், நடுவில் நின்றால் தொடர முடியாது என்று தெரிந்ததால். அத்தான் திருஇருதயப் படத்தடியில் இருந்த கைப்பேசியைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் உனக்குத்தான் மெழுகுதிரி கொளுத்தினனான்," என்றார். "நல்லா இரு."

பிறகு, "அது ஏன் வளரேல்ல?" என்று கேட்டார். எந்தப் பொய்யையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் ஐஸைப் பற்றி அவரிடம் பொய் சொல்ல யாராலும் முடியாது. "உறைஞ்சு போச்சுதோ?" என்றார். ஓம் என்றேன். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "உப்பு," என்றார், என்னிடமல்ல, தனக்குத்தானே. "நான் சொல்லாமல் விட்டது தான் பிழை, அத்தான். குளிரா வைக்கச் சொன்னனான், உறையக் கூடாதெண்டு சொல்லேல்ல," என்றேன். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியாது. சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். "எடு. எவ்வளவு வேணுமோ எடு."

இரத்தச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த கிழமைகளில் அவர் வேலைக்குப் போகவில்லை. அக்காவின் சீப்பைக் கொண்டுவந்து, இதில் தலைமயிர் இருக்கிறது, போதுமா என்றார். அனுப்பிப் பார்த்தோம், வேரில்லாத மயிர், ஒன்றும் தேறவில்லை. ஒரு நாள் காலையில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பங்குத் தந்தையிடம் போகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "சேமக்காலையில குழியைத் திறக்கக் கேக்கப் போறன். எலும்பில எடுக்கலாமெண்டு ஆரோ சொன்னவங்கள்," என்றார். எடுக்கலாம் என்பது உண்மைதான். நான் அவரைத் தடுக்கவில்லை. மகள்தான் வாசலில் குறுக்கே நின்றாள். "அம்மாவை விடுங்கோ, அப்பா. அவ குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டா," என்றாள். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

நான் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் இருக்கையில் மின்னஞ்சல் வந்தது. அத்தானிடம் அந்த மாற்றம் இல்லை. மகளிடம் முதலில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, மீன் கழுவ வேண்டும் என்று குசினிக்குள் போய்விட்டாள். அத்தானிடம் வந்து சொன்னேன்.

"அப்ப அவவிட்ட இருந்து."

"அப்பிடித்தான் நினைக்க வேணும். மகளிலேயே புதுசா வந்திருக்கவும் கூடும். நிச்சயமாச் சொல்ல ஏலாது."

இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். இந்த முறை ஒன்றையும் இனிப்பாக்கவில்லை. மகளுடைய தோலைக் கொண்டுபோய் மூலக்கலமாக்கலாம், இருதயத் தசையாக்கலாம், அந்த ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு என்ன மாறுகிறது என்று பார்க்கலாம். வருடங்கள் செல்லும். வளராமலும் போகலாம். வளர்ந்தாலும் அது மகள் இல்லை, மகளுக்கு மருந்தும் இல்லை. ஒரு கேள்விக்கு விடை மட்டும் கிடைக்கலாம். அதுவரை இவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அத்தான் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டார்.

"கொண்டு போ," என்றார். "வளந்தா வளந்தது எண்டு சொல்லு. செத்தா செத்தது எண்டு சொல்லு. ஆனா ஒண்டு. இவள் எப்பிடி எண்டு இனி உன்னட்டக் கேக்க மாட்டன். அதை நான் இவளிட்டயே கேக்கிறன்." குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தார். "மகள், மூச்சு இழுக்குதோ?"

"இல்லையப்பா. நல்லா இருக்கிறன்," என்று பதில் வந்தது.

அத்தானின் கதிரையிலிருந்து பார்த்தால் குசினி தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. மகள் மீன் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக் குனிந்து, வாயைத் திறந்து மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக் கையை எடுத்து, சொல்லாதீங்கோ என்பதாக விரலை உதட்டில் வைத்தாள். அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"எழும்பி உள்ளுக்கு வாங்கோ, அத்தான்," என்றேன். "வந்து பாருங்கோ."